ஆடிப்பெருக்குக்கு முன்: ஊர்ச் சுவடி, திருமேனி, பட்டயம் காக்கும் முழு வழிகாட்டி

காவிரிக்கரையிலும் பவானிக்கரையிலும் இருக்கிற கோயில்களுக்கு வெள்ளம் புதிதல்ல. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரி நீர் திறந்தால் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், கொடுமுடி தாழ்வான பகுதிகளில் தண்ணீர் ஏறும். நொய்யலும் அமராவதியும் ஐப்பசி கார்த்திகை மழையில் திடீரென்று கரை தொடும். அந்த நேரத்தில் மனிதர்களை மண்டபத்துக்கு அனுப்புவார்கள், மாட்டை அவிழ்த்து ஓட்டுவார்கள். குலதெய்வக் கோயிலின் மரப்பெட்டியில் இருக்கிற காணிப் பட்டயமும் (கோயில் உரிமை எழுதிய சாசனம்), தோட்டத்துச் சாளை வீட்டின் பரணில் இருக்கிற சுவடிக்கட்டும் யாருக்கும் நினைவில் வராது. சேறு வடிந்த பிறகு வரும். அப்போது அவசரப்பட்டு வெயிலில் காயப்போட்டு, வெள்ளம் விட்டுவைத்ததையும் கெடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இந்த வழிகாட்டியின் அடிப்படை இதுதான்: ஆபத்துக்கு முன் செய்கிற வேலை விரைவாக நடக்க வேண்டும், பின் செய்கிற வேலை மெதுவாக நடக்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முன்வேலைக்கு ஆடி 18 கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கோயில், சுமார் 15 உலோகத் திருமேனிகள், ஒரு பெட்டிச் சுவடி, கொஞ்சம் செப்பேடு, கணக்கு நோட்டு, பழைய படங்கள் என்ற அளவை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். பள்ளிவாசல், தேவாலயம், தர்கா, சமணர் கோயில், வீட்டுச் சேகரம் எதற்கும் இதே முறைதான்.

முதலில், எதைத் தூக்குவது

பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தபோது டணாயக்கன் கோட்டை நீருக்குள் போனது. அணை வற்றும் காலங்களில் அங்கிருக்கிற மாதவப் பெருமாள் கோயில் இன்றும் வெளியே தெரிகிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலை தலைகாட்டும். கருங்கல் தண்ணீரைப் பல பத்தாண்டுகள் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆகவே மூலவர் கல் சிலையையோ கல்வெட்டையோ நகர்த்தும் முயற்சியில் ஆளையும் நேரத்தையும் கரைக்காதீர்கள்.

தாங்காதவை வேறு. தண்ணீர் பட்ட உடனே அழிவது: சுடாத மண் உருவங்கள், பொட்டிட்டு வண்ணம் தீட்டிய சுதை, மையால் எழுதிய காகிதம், புகைப்படம், ஒலிநாடா. ஓரிரு நாளில் கெடுவது: ஓலைச்சுவடி, தோல் உடுக்கை, பட்டு, மர வாகனம். நாள்பட்டுக் கெடுவது: செம்பு, வெண்கலம், இரும்பு வேல். தூக்குகிற வரிசையும் ஏறக்குறைய இதுவேதான். ஆனால் ஒரு திருத்தம் உண்டு. வேறெங்கும் படி இல்லாத பொருள் எதுவோ அது முதலில். அச்சிட்ட தலபுராணம் நனைந்தால் இன்னொன்று கிடைக்கும். உங்கள் காணிக் கோயிலின் முறைகாரர் பட்டியல் எழுதிய பட்டயம் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும்.

இந்த வரிசையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். முதல் பத்துப் பொருள் மட்டும் போதும். ஐம்பது எழுதினால் அவசரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த அறை, எந்தப் பெட்டி, சாவி யாரிடம், தூக்க எத்தனை ஆள் என்று குறியுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் திருப்பூரில் ஷிப்ட்டில் இருக்கும் நேரத்தில்தான் தண்ணீர் வரும். இரண்டாவது சாவி கட்டாயம்.

பூசாரியோடும் தர்மகர்த்தாவோடும் பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கருவறைக்குள் யார் போகலாம், உற்சவரை யார் தொடலாம், இடம் மாற்றும் முன் என்ன சடங்கு. ஆகம முறைக் கோயிலில் சக்தியைக் கும்பத்தில் இறக்கும் கலாகர்ஷணம் செய்வார்கள். கிராமக் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்து உத்தரவு கேட்பதோடு முடியலாம். எதுவானாலும் அவசரத்துக்கு எது போதும் என்பதை முன்கூட்டியே அவர் வாயால் சொல்லி ஊர் கேட்டிருக்க வேண்டும். வாசலில் தண்ணீர் நிற்கும்போது இந்த விவாதம் தொடங்கினால் சிலை உள்ளேயே நின்றுவிடும்.

பதிவேடு

காணாமல் போன பொருளைத் திரும்பக் கொண்டுவருவது பதிவுதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்திருந்த புகைப்படம் முக்கியச் சான்றாக நின்றது. படம் இல்லாத கோயிலின் சிலை கண்முன்னே விற்பனைக்கு வந்தாலும் நம்முடையது என்று நிரூபிக்க வழியில்லை.

செல்போன் கேமராவே போதும். செய்முறை:

1. வெளிர் நிறத் துணியை விரித்து அதன்மேல் பொருளை வையுங்கள். அலங்காரம், மாலை, வெள்ளிக் கவசம் இல்லாமல் ஒரு படம் கட்டாயம் வேண்டும். அபிஷேகம் முடிந்த நேரம் இதற்கு வசதி.
2. முன், பின், இரு பக்கம், மேல், அடி என்று ஆறு கோணம். அடிப்பகுதிப் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். போலி செய்பவன் முகத்தை ஒப்பாக வார்த்துவிடுவான். பீடத்தின் அடியில் இருக்கிற வார்ப்புக் குழி, ஆணித்துளை, உடைந்து ஒட்டிய தழும்பு இவற்றை அப்படியே கொண்டுவருவது மிகக் கடினம்.
3. பக்கத்தில் ஒரு ஸ்கேல். உயரம், அகலம் செ.மீ.யில். எடை கிலோவில், கிராம் வரை.
4. தனி அடையாளங்கள்: விரல் நுனி தேய்ந்தது, காதில் ஓட்டை அடைத்தது, பீடத்தில் எழுத்து. ஒவ்வொன்றுக்கும் நெருக்கத்தில் ஒரு படம்.
5. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். எண்ணை வெள்ளைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். ஸ்கெட்ச் பேனா நனைந்தால் கரையும். செல்லோ டேப் ஒட்டினால் பசை உலோகத்தைக் கறுப்பாக்கும்.

பொருள் என்ன, எதனால் ஆனது, அளவு, எழுத்து, தனி அடையாளம், காலம், சொந்தக்காரர் என்று பதியும் ஆப்ஜெக்ட் ஐடி என்ற தர முறை 1997 முதல் உலகெங்கும் காவல்துறையும் அருங்காட்சியகங்களும் பயன்படுத்துவது. அதே தலைப்புகளில் உங்கள் நோட்டை எழுதினால் காவல் நிலையப் புகாருக்கு உதவும்.

கல்வெட்டு, நடுகல், வீரக்கல் இவற்றுக்கு இரவில் படம் எடுங்கள். டார்ச்சைக் கல்லுக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழும். சுண்ணாம்பு, மாவு, மஞ்சள் தடவி எழுத்தை எடுப்பாகக் காட்ட வேண்டாம். துளைகளில் தங்கிவிடும்.

பதிவேடு மூன்று படி. ஒன்று கோயிலில், ஒன்று வேறு தாலுகாவில் மேட்டு நிலத்து வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. படி எடுக்காமல் இருந்த சுவடியில் எதுவும் மிஞ்சவில்லை. சுவடிக்கும் பட்டயத்துக்கும் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

உயரமும் பெட்டியும்

கோயில் சுவரிலோ படித்துறையிலோ பழைய வெள்ளக் குறி இருக்கும். இல்லாவிட்டால் இந்த ஆண்டிலிருந்து தொடங்குங்கள்: மேட்டூரில் எத்தனை கனஅடி திறந்த நாளில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று தேதியோடு நோட்டில் குறியுங்கள். நான்கைந்து ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், செய்தியில் கனஅடி எண்ணைக் கேட்டதுமே எப்போது கிளம்புவது என்று தெரிந்துவிடும். பொதுவான எச்சரிக்கை எதுவும் உங்கள் படித்துறையைப் பற்றிச் சொல்லாது.

பெட்டி, அலமாரி எதுவும் தரையில் நேரடியாக நிற்கக் கூடாது. கண்ட உயர்ந்த வெள்ளக் குறிக்கு ஓர் அடி மேலே வைப்பது நல்லது. முடியாவிட்டால் குறைந்தது 15 செ.மீ. உயரக் கல்மேடை. ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே இருக்கிற பரணில் வைக்காதீர்கள், மழை அங்கேதான் முதலில் ஒழுகும். குளியலறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கீழ்த்தளத்தில் வேண்டாம். வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அவசரப் பெட்டி ஒன்று தயாராக இருக்கட்டும். நம் பக்கத்தில் இதற்கான பொருள் எல்லாமே அரை நாளில் கிடைக்கும்:

தக்காளி கிரேட் 15. பக்கம் முழுக்க ஓட்டை இருப்பதால் நீர் வடியும், காற்று போகும், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கலாம். ஈரப் புத்தகம் தூக்க இதைவிட நல்ல சாமான் கிடையாது.
கஞ்சி போகத் துவைத்த கோரா துணி (வெளுக்காத பருத்தித் துணி) 25 மீட்டர்.
திருப்பூர் வெள்ளை பனியன் வேஸ்ட் (பனியன் துணி வெட்டுத் துண்டுகள்) 10 கிலோ. வெள்ளை மட்டும். நிற வேஸ்ட் ஈரத்தில் சாயம் விடும். பவானி ஜமக்காளத்தை அடியில் விரிப்பதும் அதே காரணத்தால் கூடாது.
தார்ப்பாய், 12-க்கு 18 அடி, 2.
பட்டர் பேப்பர் ஒரு சுருள், ஃபோம் ஷீட் 10 மீட்டர், பருத்தி நாடா 50 மீட்டர்.
மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா 4, சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) 2 கிலோ.
என்-95 முகக்கவசம் 20, ரப்பர் கையுறை ஒரு பெட்டி, தலையில் மாட்டும் விளக்கு 2.
பிளாஸ்டிக் பேசின் 4, மென்தூரிகை, பஞ்சு, பென்சில், நூறு அட்டைச் சீட்டு.

ஆடியிலும் ஐப்பசியிலும் திறந்து பாருங்கள். பனியன் வேஸ்டை யாராவது வண்டி துடைக்க எடுத்துப் போயிருப்பார்கள்.

தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்ததும்

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அறை 1070. சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஆளைக் காப்பதுதான் முதல் வேலை. முழங்கால் அளவு ஓடும் தண்ணீருக்குள் சுவடி எடுக்க யாரையும் இறக்காதீர்கள்.

நான்கு பேர் போதும். ஒருவர் பட்டியலும் பென்சிலும், ஒருவர் படம், இருவர் தூக்குவது. பட்டியல்காரர் எதையும் தூக்கக் கூடாது. அவர் கை வைத்த நிமிடத்திலிருந்து எண்ணிக்கை தவறும்.

உற்சவரைத் தூக்கும் விதம்: திருவாசியை (சிலையைச் சுற்றி நிற்கும் வளைவு) முதலில் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். ஆயுதம், குடை, கழலும் கை ஏதாவது இருந்தால் அதையும் கழற்றி அதே எண்ணோடு தனிப் பையில் கட்டுங்கள். ஒருவர் இரு கையாலும் பீடத்தை அடியோடு பிடிக்க, இன்னொருவர் முதுகைத் தாங்க வேண்டும். கை, சடை, கிரீடம் பிடித்துத் தூக்கினால் பழைய ஒட்டு அந்த இடத்தில்தான் விடும். கோரா துணியில் சுற்றி, ஃபோம் வைத்து, கிரேட்டில் படுக்க வையுங்கள். வண்டியில் நிறுத்தி வைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஒரு வேகத்தடை போதும்.

வெளியேறும்போது பட்டியல்படி எண்ணிக் கையெழுத்து, சேரும் இடத்தில் எண்ணி மறு கையெழுத்து. கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். செய்தியும் படமும் அனுப்பினால்கூட நேரத்தோடு பதிவாகிவிடும். நல்லெண்ணத்தோடு சிலையைத் தூக்கியவர்மேல் பழி விழாமல் இருக்க இது அவசியம்.

வெள்ளம் வடிந்தபின்: முதல் 48 மணி நேரம்

ஈரமான காகிதத்திலும் துணியிலும் ஏறக்குறைய 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நம்முடைய வெக்கைக்கு இன்னும் சீக்கிரமே பிடிக்கலாம். அதற்குள் எல்லாவற்றையும் உலர்த்தி முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். எதை உடனே உலர்த்துவது, எதைக் குளிரில் நிறுத்திவைப்பது என்று பிரிப்பதுதான் இந்த இரண்டு நாள் வேலை.

உள்ளே போகும் முன் மெயின் ஸ்விட்சை இறக்கியாகிவிட்டதா என்று பாருங்கள். மண்சுவர் ஊறியிருந்தால் வெளியே நில்லுங்கள். பாம்பு இருக்கும், குச்சியோடு போங்கள். பொருளைத் தொடும் முன் கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள்.

இடிபாடு அள்ள ஜே.சி.பி. வருகிற நாள்தான் கல்லுக்கு உண்மையான ஆபத்து. வெள்ளம் புரட்டிப்போட்ட நடுகல்லும் எழுத்துள்ள படிக்கல்லும் உடைசலோடு சேர்ந்து பள்ளம் நிரப்பப் போய்விடும். வண்டி வருவதற்கு முன் ஒருவர் சுற்றி வந்து செதுக்கு வேலையோ எழுத்தோ உள்ள ஒவ்வொரு கல்லிலும் சிவப்புத் துணி நாடா கட்ட வேண்டும். பெயின்ட் வேண்டாம். ஓட்டுநரிடம் நேரில் காட்டிச் சொல்லுங்கள்.

பம்புசெட் ஓஸ் பீய்ச்சிச் சேறு கழுவுவது சுதைக்கும் சுடுமண் குதிரைக்கும் சுவரோவியத்துக்கும் மரணம். தரையை மட்டும் அதால் கழுவலாம்.

ஓலைச்சுவடி

சுவடி நனைந்தால் மனம் தளர வேண்டாம். நம் பக்கத்து ஓலை பெரும்பாலும் பனையோலை, எழுத்தாணியால் கீறி எழுதியது. மேலே தடவிய கரி கழுவிப் போனாலும் எழுத்து கீறலில் இருக்கிறது. அதைக் கெடுப்பது தண்ணீரைவிட வெயில்தான். மஞ்சள் காயப்போடும் களத்தில் சுவடியைக் காயப்போட்டால் ஓலையின் மேல்பக்கம் முதலில் சுருங்கும், அடிப்பக்கம் ஊறியே இருக்கும். இழுப்பு தாங்காமல் ஓலை குழலாகச் சுருண்டு நரம்பு வழியே கீறும். ஒருமுறை கீறினால் எழுத்து வரி நடுவிலேயே பிளக்கும்.

சுவடிக்கட்டை இரு கையால் எடுத்து, ஈரத் துணி விரித்த முறத்தில் படுக்க வையுங்கள். படம். பேசினில் நல்ல தண்ணீர். கட்டு அவிழ்க்காமல், முறத்தோடு சேர்த்து மெல்ல அமிழ்த்தி, ஒரு பக்கம் சாய்த்துச் சேறு தானாக வெளியேற விடுங்கள். விரலால் தேய்க்காதீர்கள். கலங்கல் நிற்கும்வரை நீர் மாற்றுங்கள். பிறகு சாய்வாக வைத்து அரைமணி வடியட்டும்.

கயிறு இறுகியிருந்தால் இழுத்து உருவாதீர்கள், துளை கிழியும். முடிச்சுக்குப் பக்கத்தில் கத்தரித்து, கயிற்றையும் சட்டப் பலகையையும் (சுவடியின் மேலும் கீழும் வைக்கும் மரப்பலகை) அதே எண்ணோடு எடுத்து வையுங்கள். இனி ஏடு பிரிப்பது. மூங்கில் சிம்பை மழமழவென்று சீவி, ஏட்டின் ஓரத்தில் நுழைத்து, கீழே படுக்கையாக நகர்த்துங்கள். தடுத்தால் நிறுத்தி, அந்த இடத்தில் பஞ்சால் நனைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். பிரிய மறுக்கும் ஐந்தாறு ஏட்டை ஒரே கொத்தாகவே விட்டுவிடுவது நல்லது. பின்னால் பயிற்சி உள்ளவர் பிரிப்பார். கிழிந்த ஏட்டைப் பழையபடி சேர்ப்பது மிகக் கடினம்.

ஒவ்வோர் ஏடும் எடுத்த வரிசையில் கயிற்றுக் கட்டிலில் கோரா துணி விரித்துப் படுக்கட்டும். கட்டிலுக்கு அடியிலும் காற்று போவதால் இரு பக்கமும் ஒரே வேகத்தில் காயும். பத்து ஏட்டுக்கு ஒரு சீட்டு. ஃபேனைச் சுவர் பார்த்துத் திருப்புங்கள், ஏட்டின்மேல் நேராக அடிக்க வேண்டாம். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். வளைத்தால் கொஞ்சம் மட்டுமே வளையும் பதம் வந்ததும், இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து மேலே பலகையும் துணி சுற்றிய இரண்டு செங்கல்லும் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். எலுமிச்சம்புல் எண்ணெய் பூசும் பழைய வழக்கம் நல்லதுதான். ஆனால் முழுக்க உலர்ந்து சில வாரம் கழிந்த பிறகு. ஈரத்தின்மேல் எண்ணெய் வேண்டாம்.

காகிதமும் படமும்

நனைந்த நோட்டைத் திறக்காதீர்கள், திறந்து கிடந்ததை மூடாதீர்கள். மூடியபடியே நீரில் சேறு அலசி, பட்டர் பேப்பர் சுற்றி, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி கிரேட்டில் ஒரே அடுக்காக வையுங்கள். ஊறிய புத்தகம் எடை கூடிவிடும், கிரேட்டை நிரப்பினால் இருவர்கூடத் தூக்க முடியாது.

பத்துப் பதினைந்து நோட்டு என்றால் நிழலில் உலர்த்தலாம்: 20 பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாளோ துணியோ செருகி, சில மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அச்சடித்த செய்தித்தாள் செருகினால் அதன் மை ஒட்டும். அதற்கு மேல் இருந்தால் உறைய வையுங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது. மாதக்கணக்கில் காத்திருக்கும், நீங்கள் நாலு நாலாக எடுத்து உலர்த்தலாம். மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகிற ஐஸ்கிரீம் டீப் ஃப்ரீசர் போதும். ஊரில் ஃப்ரீசர் வைத்திருக்கும் கடைக்காரரிடம் ஆனி மாதமே பேசி வையுங்கள். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கு போன்றவை உறையும் அளவுக்குக் குளிர்வதில்லை. அங்கே பூஞ்சை மெதுவாகும், நிற்காது. சில நாள் தவணை கிடைக்கும், அவ்வளவே.

பளபளப்பான ஆர்ட் பேப்பர் தனி விதி. அது காயத் தொடங்கினால் பக்கங்கள் ஒரே கட்டியாகும், பிறகு பிரியாது. சில மணி நேரத்துக்குள் உறைய வையுங்கள், அதுவரை ஈரத்திலேயே இருக்கட்டும்.

புகைப்படத்தின் முகத்தில் விரல் படக் கூடாது. குளிர்ந்த நல்ல நீரில் அலசி, ஓரத்தில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காமல் கண்ணாடியோடு படம் எடுத்து நிபுணரிடம் கொடுங்கள். கண்ணாடி நெகட்டிவை உறைய வைக்காதீர்கள். உடுக்கடிப் பாட்டு பதிந்த கேசட்டை அலசி நிழலில் உலர்த்துங்கள், ஓட்டிப் பார்க்காதீர்கள். நனைந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.

பூஞ்சை பிடித்துவிட்டால் ஈரத்தில் துடைக்காதீர்கள், தாளுக்குள் இறங்கும். முகக்கவசம் போட்டு, உலரவிட்டு, திறந்த வெளியில் தூரிகையால் தட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

உலோகம், மரம்

செப்பேட்டையும் திருமேனியையும் புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளைப் பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். செப்பேட்டின் மேல்தோலில்தான் எழுத்து இருக்கிறது. ஒவ்வொரு தேய்ப்பும் எழுத்தைத் தேய்ப்பது.

நொய்யல் கரைக்காரர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். சாயக்கழிவு கலந்து உப்பேறிய ஆறு அது. குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெண்கலத்தில் வெளிர் பச்சைப் பொடி புள்ளிபுள்ளியாகக் கிளம்பும். தொட்டால் உதிரும், உதிர்ந்த இடத்தில் குழி விழும். நம் போர்வெல் தண்ணீரும் பல இடங்களில் உப்புதான். ஆகவே சேற்றை எந்த நீரிலும் அலசலாம், கடைசி இரண்டு அலசல் மழைநீரிலோ கேன் தண்ணீரிலோ இருக்க வேண்டும். பீடமும் உருவமும் சேரும் பொருத்தில் தண்ணீர் தங்கும். சாய்த்து வடித்து, ஒரு நாள் ஃபேன் காற்றில் வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடுங்கள். இரும்பு வேல் சில மணி நேரத்திலேயே துரு பிடிக்கும், அதை முதலில் துடைத்து உலர்த்துங்கள்.

தேர், வாகனம் மெதுவாகக் காயட்டும். தார்ப்பாயால் தளர மூடி, தினமும் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். வெயிலில் நிறுத்தினால் பொருத்து விட்டுவிடும்.

தீ

தேருக்குத் தகரக் கொட்டகை போடுங்கள், கீற்றுக் கொட்டகை வேண்டாம். அதைச் சுற்றி மூன்று மீட்டர் சருகு இல்லாமல் இருக்கட்டும். மடப்பள்ளிக்கும் பட்டாசு வெடிக்கும் இடத்துக்கும் தொலைவில் நிறுத்துங்கள். திருவிழா சீரியல் விளக்குக்கு இழுத்த தற்காலிக ஒயர்தான் பெரும்பாலும் வினை. ஏட்டு அறையில் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் வையுங்கள். பவுடர் அணைப்பானின் பொடி உலோகத்தை அரிக்கும், வேறு வழியில்லாதபோது மட்டும் அது.

சூடேறிய கல்லின்மேல் தண்ணீர் பட்டால் வெடிக்கும். தீ அணைந்தபின் கல்லும் சிலையும் தானாக ஆறட்டும். கரிப் புகையை ஈரத் துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பசையாக உள்ளே ஏறும். உலர்ந்த மென்தூரிகையால் கீழ்நோக்கி மட்டும் தட்டுங்கள்.

கலவரமும் போரும்

இயற்கைச் சீற்றத்தில் பொருள் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தால் நல்லது. மனிதர் கைவரிசையில் தெரியாமல் இருந்தால் நல்லது. இந்த ஒரு வேறுபாடு எல்லா ஏற்பாட்டையும் மாற்றுகிறது. பாதுகாப்பு இடத்தின் பெயர் வாட்ஸ்அப் குழுவில் போகக் கூடாது. இருவர் மூவருக்கு மட்டும் தெரியட்டும். எடுத்துப்போன படத்தைப் பதிவிடாதீர்கள்.

படையெடுப்புக் காலங்களில் நம் முன்னோர் திருமேனிகளை மண்ணுக்குள் புதைத்தார்கள். அவற்றில் பல இன்றும் கிணறு, அஸ்திவாரம் தோண்டும்போது கிடைக்கின்றன. இடம் அறிந்தவர் ஒருவரும் மிஞ்சாததுதான் காரணம். மறைப்பவர் தன் ஊரில் இல்லாத இன்னொருவரிடம் முத்திரையிட்ட உறையில் குறிப்பு விட்டிருக்க வேண்டும். 2012-ல் மாலி நாட்டுத் திம்பக்துவை ஆயுதக் குழுக்கள் பிடித்தபோது, குடும்பங்கள் தங்கள் கையெழுத்துப் படிகளைத் தகரப் பெட்டிகளில் பிரித்து, சிறு சிறு சுமையாக வண்டியிலும் படகிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்தினார்கள். ஒரு பெட்டி பிடிபட்டாலும் மற்றவை பிழைக்கும் முறை அது. நகர்த்த முடியாததற்குப் பெய்ரூட் அருங்காட்சியகம் வழி காட்டியது. 1975-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் பெரிய கற்சிற்பங்களைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள்.

நமக்கு மணல்மூட்டை போதும். மூட்டையை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள், நிறைத்தால் படியாது. செங்கல் கட்டுவதுபோல் மூட்டு மாற்றி அடுக்குங்கள். சிற்பத்துக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும். ஒட்டி வைத்தால் ஈரமும் உப்பும் கல்லுக்கு ஏறும். சிற்பத்தின்மேல் சாய்க்கவே கூடாது. உரச்சாக்கு வெயிலில் சில மாதத்தில் மக்கிக் கிழியும். சாக்கை உப்புப் போகக் கழுவிப் பயன்படுத்துங்கள், மேலே தார்ப்பாய் போடுங்கள்.

ஆயுதப் போரில் பண்பாட்டுச் சொத்தைக் காக்கும் ஹேக் உடன்படிக்கை 1954-ல் உருவானது. இந்தியா 1958-ல் அதை ஏற்றது. நீலமும் வெள்ளையும் கலந்த கேடயக் குறி அதன் அடையாளம். அதை அரசின் அனுமதியோடு மட்டுமே கட்டடத்தில் இட வேண்டும், நாமாக எழுதிவிட முடியாது. உடன்படிக்கையின் சாரம் ஊர்க் கலவரத்துக்கும் பொருந்தும்: காக்க வேண்டிய கட்டடத்தை ஆள் திரட்டும் இடமாகவோ கம்பும் கல்லும் சேர்க்கும் இடமாகவோ ஆக்காதீர்கள். ஆக்கிய கணமே அது இலக்காகிவிடும். எதிர்ச் சமூகத்தின் வழிபாட்டு இடத்திலும் ஒரு சுவடிப்பெட்டி இருக்கும். அதன் பொறுப்பாளர் எண் உங்களிடமும் உங்கள் எண் அவரிடமும் இருப்பது அமைதியான நாளில் செய்து வைக்க வேண்டிய ஏற்பாடு.

சட்டம் பற்றிச் சில வரி

1972-ம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிலை போன்றவையும் 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் படிகளும் தொல்பொருள் ஆகும். சிலை, சிற்பம் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்றின் படியைப் பதிவேட்டோடு வையுங்கள். வெள்ளம் அரித்த கரையில் சிலையோ காசோ தென்பட்டால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்கீழ் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்வது அதன் முதல் படி. கழுவிப் பார்க்காமல், கிடந்த இடத்தைப் படம் எடுத்து ஆள் காவல் போடுங்கள். உடனடி ஆலோசனைக்கு ஈரோடு, கோவை, சேலம், கரூர் அரசு அருங்காட்சியகங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. சுவடிக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை.

திரும்ப வைக்கும்போது

சுவர் உலராத அறையில் எதையும் திரும்ப வைக்காதீர்கள். ஒரு சாண் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பொருளை ஒவ்வொன்றாகப் பதிவேட்டுப் படத்தோடு ஒப்பிட்டு, முக்கியமாக அடிப்பகுதியை ஒப்பிட்டு, இருவர் கையெழுத்திட்டு உள்ளே எடுங்கள். அடுத்த மூன்று மாதம் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து மூக்கால் முகருங்கள், வெண்கலத்தில் வெளிர் பச்சைப் புள்ளி தேடுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவைத்து, திரும்பப் போடுங்கள்.